அஞ்சு ரூபாய் ரப்பர்

ஓசியில் வந்த எதையும் ஓசியாக ஓடவைக்க முடியாது. இது என் சொந்த அனுபவம்.

எங்கள் ஆபீஸில் காயலான் கடைக்குப் போகக் காத்திருந்தது ஒரு பழைய பென்டியம் 4 கம்ப்யூட்டர். "வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார் மேனேஜர். சிவகாசியிலிருந்து தாயில்பட்டி வரைக்கும் பஸ்ஸில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் இரக்கமே இல்லாமல் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. மகள் பிளஸ் டூ. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்தில் பைத்தான் வருகிறது. அந்தப் பெண் புரோகிராமை நோட்டில் எழுதி மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டுப் பணத்தை எடுத்து செகண்ட்ஹேண்டில் ஒன்று வாங்கலாம் என்று அக்கா கிளம்பியபோதுதான் என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தான்.

"பணத்தைக் கரியாக்காதீங்கக்கா! ரெண்டே நாள்ல இதுல லினக்ஸ் போட்டுத் தர்றேன். பத்து பைசா செலவில்ல!"

லினக்ஸ் என்பது 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கி வைத்த சமாசாரம். பெங்குவின்தான் சின்னம். இலவசம். நம் தமிழ்நாட்டில் 2011-ல் ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த 'பாஸ்' கூட லினக்ஸ்தான். இவ்வளவையும் அக்காவுக்கு விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம்.

முதல் நாள். ஸ்விட்சைப் போட்டால், 'எஃப் 1 அமுக்கு' என்று சொல்லிவிட்டு நின்றது. தேதியைப் பார்த்தால் 2002! டிவிடியிலிருந்து பூட் ஆகச் சொல்லி செட் பண்ணினேன். கரண்ட் போய் வந்ததும் தேதி, செட்டிங் எல்லாம் காலி. உள்ளே காசு சைஸில் சி.ஆர். 2032 என்று ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாதபோது ஞாபகத்தைக் காப்பாற்றுவது அதுதான். அது எப்போதோ சிவலோகம் சேர்ந்திருந்தது. புதுசு போட்டேன்.

இரண்டாம் நாள். 'எனக்கு 64 பிட் பிராசஸர் வேண்டும், இங்கே இருப்பது ஐ686' என்று ஒரே வரியில் கைவிரித்தது. என் தப்புதான். இது 32 பிட் ஆசாமி. உபுண்டு இந்த ஆசாமிகளுக்கு டெஸ்க்டாப் டிஸ்க் கொடுப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டது. டெபியனிலும் 2025-ல் வந்த 13-ஆம் பதிப்புக்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பைத் தேடிப்பிடித்து டிவிடியில் ஏற்றினேன்.

மூன்றாம் நாள், நாலாம் நாள்... இன்ஸ்டால் பாதி தூரம் ஓடும், அப்புறம் புஸ்வாணம்! ஒரு தடவை 40 சதவீதத்தில், ஒரு தடவை 70-ல். டிவிடியை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். திட்டியும் பார்த்தேன்.

இப்படியே இரண்டு வாரம். பிராக்டிகல் பரீட்சைக்கு இருபது நாள்கூட இல்லை. அக்கா ஒரு தடவையாவது "என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தால் தேவலை. "அவசரமில்ல தம்பி" என்றுதான் சொல்வார். அந்த வார்த்தைதான் ராத்திரி தூங்கவிடாது. இந்நேரம் வேறொரு கம்ப்யூட்டர் வாங்கியிருப்பார்களே!

ஒரு ராத்திரி அரைத்தூக்கத்தில்தான் உறைத்தது. டிவிடியில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால்? ரேம்! மெம்டெஸ்ட் என்ற சோதனையை ஓடவிட்டேன். திரை முழுக்க சிவப்பு வரிகள். சரவெடி மாதிரி கொட்டிக்கொண்டே போனது.

மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றிக் கையை நீட்டினேன். வாசலில் நின்ற அக்கா, "தம்பி, எதையாச்சும் இரும்பத் தொட்டுட்டு உள்ள கை வைங்க" என்றார்.

"ஏங்க்கா?"

"எங்க ஷெட்டுல வாசல்ல தகடு பதிச்சிருக்கும். அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள போவோம். உடம்புல இருக்கிற கரண்ட் இறங்கணும்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் வெடிமருந்துக்கு மட்டுமல்ல, ரேமுக்கும் எமன். பெங்குவின் பற்றியெல்லாம் பிரசங்கம் பண்ணிய எனக்கு அது ஞாபகமே இல்லை. கேபினட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, இரண்டு ரேமையும் எடுத்தேன். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி மின்ன வேண்டிய முனைகளில் ஒரே கறுப்பு.

"பாப்பா, ரப்பர் இருக்கா?"

"இந்தாங்க மாமா." அஞ்சு ரூபாய் ரப்பர். மெதுவாகத் தேய்த்தேன். துகளை ஊதிவிட்டு, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினேன். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது. ஒரு சிவப்பு வரிகூட இல்லை!

அடுத்த நாள் சாயங்காலம் இன்ஸ்டால் நூறு சதவீதத்தைத் தொட்டது. பைத்தான் தயாராகவே உள்ளே இருந்தது. அந்தப் பெண் நோட்டை விரித்து முதல் புரோகிராமை அடித்து என்டரைத் தட்டியது. எரர்!

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அது பதறவில்லை. "ஒரு கோலன் விட்டுட்டேன் மாமா" என்று தானே திருத்தியது. ஓடியது.

"அந்தச் சீட்டுப் பணம்?" என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"காலேஜுல சேரணும்ல தம்பி" என்றார்.

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி கேட்ட ஒரே கேள்வி:

"அந்தப் புள்ளையோட ரப்பரைத் திருப்பிக் குடுத்தீங்களா?"

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கொடுக்கவில்லை.