இன்று என் சர்டிபிகேட் பிறந்தநாள்

காலையிலிருந்து வாழ்த்து மேல் வாழ்த்து. எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 1 நான் பிறந்த நாளே இல்லை. பெரிய வாத்தியார் எழுதிய நாள்.

நான் பிறந்தது 1964 டிசம்பர் 23. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன ராத்திரி விடிந்த காலை. ராமநாதபுரம் பக்கம் எங்கள் வீட்டு ஓலைக்கூரை பறந்துவிட, அம்மா என்னைப் பெற்றது பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டகையில். "ஆடெல்லாம் சுத்தி நின்னு பாத்துச்சு, ஒண்ணுகூட கத்தல. நீதான் கத்துன" என்பாள்.

மூன்றரை வயதில் அண்ணன் பின்னாலேயே பள்ளிக்கூடம் போய்விட்டேன். படிப்பு ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம், மதியச் சோறுதான் காரணம். பெரிய வாத்தியார் தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. தலையைச் சாய்த்துத் தொட்டுவிட்டேன். "கெட்டிக்காரி" என்று சிரித்துக்கொண்டே 1.6.1963 என எழுதினார். சாய்த்த தலைக்குத் தண்டனை, ஒன்றரை வருஷம் முன்னாலேயே ரிட்டையர்மென்ட்!

எங்கள் வீட்டுக்காரர் கதை நேர் எதிர். எட்டு வயது வரை மாடு மேய்த்தவரைக் கூட்டிப்போய், "அஞ்சு வயசுங்க" என்று கூசாமல் சொல்லியிருக்கிறார் என் மாமனார். உண்மையில் என்னைவிட மூன்று வயது மூத்தவர், சர்டிபிகேட்படி பத்து மாதம் இளையவர். ஆதார் கார்டுகளைப் பார்த்த எங்கள் மகள், "அப்பா, அம்மா உங்களுக்கு அக்காவா?" என்றாள். அன்றிலிருந்து எந்தச் சண்டையையும் "சரிங்கக்கா" என்று முடித்துவிடுவார்.

சிரிக்கிறீர்களா? உங்களில் பலருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வருவதற்கு நானும் உடந்தை. "கதிரறுப்புல பொறந்தான் டீச்சர்" என்று சொன்ன அம்மாக்களிடம் மேற்கொண்டு கேட்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை. அட்மிஷன் முடிக்கிற அவசரம். அம்மா இருக்கிறவர்கள் இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

என் தேதியை மறக்காமல் வைத்திருந்தது அம்மாதான். வருஷா வருஷம் அன்று விடிகாலையில் போன் வரும். "தலைக்குக் குளிச்சியா?" அவ்வளவுதான், வைத்துவிடுவாள்.

போன ஆவணியில் அம்மா தவறிவிட்டாள். டிசம்பர் 23 அன்று ஆறு மணி வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி ஆற்றிக்கொண்டே அடுப்படியிலிருந்து இவர் குரல் கொடுத்தார்.

"அக்கா, தலைக்குக் குளிச்சாச்சா?"