பூசும் எண்ணெயும் புறத்தோலும்

உடம்பைப் பேணுதற்கு உணவுக்கு அடுத்தபடியாக நம் முன்னோர் போற்றிவந்தது எண்ணெயேயாம். பிறந்த குழவிக்கும் எண்ணெய். பண்டிகை நாளின் வைகறையில் இல்லந்தோறும் எண்ணெய். நோயினின்று எழுந்தார்க்கும் எண்ணெய். இங்ஙனம் வாழ்வோடு ஒன்றிய இப்பொருளைப் பற்றி நம்மிற் பெரும்பாலார் அறிந்தவை அதன் பெயரும் விலையுமேயன்றி வேறில்லை. இன்று கடைத்தெருவிற் சென்று பார்ப்பின், மேனிக்குப் பூசும் பொருள்கள் நூறு வகையாய் அடுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். ஒவ்வொரு குப்பியின் புறத்தும் நுண்ணிய எழுத்தில் நீண்டதொரு பட்டியல் அச்சிடப்பட்டுள்ளது. அதனைப் படிப்பார் அரியர். படித்துப் பொருள் கொள்வார் அவரினும் அரியர். அப்பட்டியலை ஒருவாறேனும் விளங்கிக்கொள்ளுதல், இரசாயனம் பயில்வார்க்கு மட்டுமன்றி, வீட்டில் ஒரு குழந்தையோ முதியவரோ உள்ள எவர்க்கும் இன்றியமையாதது என்பது என் துணிபு. அத்துணிபு எனக்கு உண்டான வகையையும், அதன்வழி யான் அறிந்தவற்றுட் சிலவற்றையும் ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

என் பாட்டனார் தென்பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் செக்கு வைத்து வாழ்ந்தவர். எண்ணெயை உள்ளங்கையில் ஒரு துளி இட்டுத் தேய்த்து மோந்த அளவிலேயே அது புதியதா, நாட்பட்டதா என்பதை அவர் கூறிவிடுவார். நல்லெண்ணெய் எளிதிற் காறாது என்பதும், மார்கழிப் பனியில் தேங்காயெண்ணெய் உறையும், நல்லெண்ணெய் உறையாது என்பதும் யான் பள்ளிக்குச் செல்லுமுன்பே அவரிடம் கேட்டறிந்தவை. ஏன் அவ்வாறு என்று வினவினால், "அதன் குணம் அது" என்பார். அதற்குமேல் ஒரு விடை உண்டென்பதை யான் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை.

சில ஆண்டுகட்கு முன் என் தமக்கையார்க்கு எட்டாந் திங்களிலேயே ஓர் ஆண்மகவு பிறந்தது. அக்குழவியின் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து உலர்ந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு வருமுன்பே அதற்கு எதனைப் பூசுவது என்பதில் உறவினரிடையே மூன்று கட்சிகள் தோன்றிவிட்டன. பாட்டியார் தேங்காயெண்ணெயே போதும் என்றார். அயல்நாட்டிலிருந்து வந்த மாமா, விலையுயர்ந்த ஒலிவ எண்ணெய்க் குப்பி ஒன்றைக் கொணர்ந்து, இதனினும் உயர்ந்தது உலகில் இல்லை என்றார். அடுத்த வீட்டு அம்மையாரோ, மணம் கமழும் குழந்தைத் தைலம் ஒன்றைப் புகழ்ந்துரைத்தார். அப்பொழுது அங்கிருந்த செவிலியம்மையார், "புதிய தேங்காயெண்ணெயை அழுந்தத் தேய்க்காமல் மெல்லத் தடவுங்கள்; வெடித்த இடத்தில் மட்டும் டாக்டரைக் கேளாமல் எதுவும் பூச வேண்டா" என்றார். "ஒலிவ எண்ணெய்க்கு என்ன குறை, அம்மா?" என்று மாமா வினவினார். "குறை ஒன்றுமில்லை, ஐயா. சமையலுக்கு மிக நல்லது. அதிலுள்ள அமிலம் வேறு, இந்தத் தோலுக்கு அது ஆகாது" என்று விடை வந்தது. குழந்தை அவ்வம்மையார் சொற்படியே பேணப்பெற்று நலமுற வளர்ந்தது. அமிலம் வேறு என்ற அச்சொல் மட்டும் என் உள்ளத்தில் நின்று, நூல்நிலையத்துக்கு என்னை ஈர்த்துச் சென்றது.

எண்ணெய் என்பது யாது? ஸ்வீடன் நாட்டில் வாழ்ந்த ஷீலே என்னும் அறிஞர், 1779-இல் ஒலிவ எண்ணெயை மிருதார்சிங்கியுடன் கூட்டிக் காய்ச்சியபொழுது இனிப்புச் சுவையுள்ள நீர்மம் ஒன்று வெளிப்படக் கண்டார். அதுவே இன்று கிளிசரின் எனப்படுவது. பின்னர்ப் பிரெஞ்சு நாட்டு ஷெவ்ரல் என்பார், கொழுப்புகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, அவை கிளிசரினும் கொழுப்பமிலங்களும் கூடியனவே என்பதை 1823-இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார். ஒரு காம்பில் மூன்றிலை நிற்கும் வில்வம்போல, ஒரு கிளிசரினில் மூன்று அமிலங்கள் பற்றி நிற்பதே எண்ணெய். காம்பு எல்லா எண்ணெய்க்கும் ஒன்றே, வேறுபடுவன இலைகளே. என் பாட்டனார் குணம் என்று கூறியது பெரும்பாலும் இவ்வேறுபாட்டையே என்க.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதியளவு லாரிக் அமிலம் உள்ளது. அவ்வெண்ணெயின் அமிலங்களிற் பெரும்பாலானவை நிறைவுற்றவை. ஆதலின் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழே அது உறைகின்றது. நல்லெண்ணெயில் ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் ஏறக்குறைய ஒத்த அளவில் உள்ளன. அன்றியும், எள்ளுக்கே உரிய செசமால் முதலிய பொருள்கள் அது காறாவண்ணம் காக்கின்றன. விளக்கெண்ணெயில் நூற்றுக்கு 85-க்கு மேற்பட்ட பங்கு ரிசினோலியிக் அமிலம். அதன் பிசுபிசுப்புக்கும், உதட்டுச் சாயங்களில் அது சேர்க்கப்படுவதற்கும் காரணம் அதுவே. ஒலிவ எண்ணெயில் மிக்கிருப்பது ஒலியிக் அமிலம். சூரியகாந்தி எண்ணெயில் மிக்கிருப்பது லினோலியிக் அமிலம். ஆயின் ஒலியிக் மிகுந்த சூரியகாந்தி வகையும் இக்காலத்துப் பயிரிடப்படுகின்றது. பெயர் ஒன்றாயிருக்கப் பொருள் வேறாதல் காண்க.

இவ்வேறுபாடு தோலுக்கு என் செய்யும்? நம் புறத்தோலின் மேற்படை, செங்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவரை ஒத்தது. உயிரற்ற உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றினிடையே உள்ள ஸெரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பமிலங்கள் ஆகியன சாந்து. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், புறத்திருக்கும் கிருமிகள் உட்புகாமலும் இச்சுவரே காக்கின்றது. 1929-இல் அமெரிக்க நாட்டு பர் தம்பதியர், கொழுப்பு அறவே நீக்கிய உணவை எலிகளுக்கு அளித்து வளர்த்தனர். அவற்றின் தோல் செதில் செதிலாயிற்று. உடலின் நீரும் மிகுதியாகக் கழிந்தது. லினோலியிக் அமிலம் அளித்த பின்னர் அவை தேறின. அச்சுவரின் சாந்துக்கு லினோலியிக் அமிலம் இன்றியமையாதது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதன் பயன் எலிகளோடு நின்றதன்று. டாக்கா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், குறைமாதத்திற் பிறந்த குழவிகட்குச் சூரியகாந்தி எண்ணெயை மெல்லப் பூசி மருத்துவர் ஆராய்ந்தனர். பூசப்பெறாத குழவிகளைக் காட்டிலும் பூசப்பெற்றவற்றிற்கு மருத்துவமனையில் தொற்றும் நோய் நூற்றுக்கு 41 பங்கு குறைந்ததென 2005-இல் வெளியிட்டனர். ஓர் எளிய எண்ணெய் உயிர்க்காவலாயிற்று! ஆயினும் ஓரிடத்து முடிவை எவ்விடத்தும் எல்லாக் குழவிக்கும் பொதுவாக்கலாகாது. குறைமாதக் குழவிக்கு மருத்துவர் சொல்லே துணை. இனி, இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தார் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், சில வாரங்கள் தொடர்ந்து பூசிய ஒலிவ எண்ணெய் பெரியோர் தோலின் காப்பையே தளர்த்தியதாகவும், சூரியகாந்தி எண்ணெய் அவ்வாறு செய்யவில்லை என்றும் கண்டனர். ஒலியிக் அமிலம் மிகின் அது சாந்தின் ஒழுங்கைக் குலைக்கும் என்பது அறிஞர் கூறும் காரணம். செவிலியம்மையாரின் சொல்லுக்குப் பொருள் இதுவே.

இனி, பட்டியலிற் காணும் பிற பொருள்களையும் சிறிது நோக்குவோம். அவற்றுட் பலவற்றை மூன்று தொழிலுள் அடக்கலாம். கிளிசரின் நீரை ஈர்த்துத் தோலில் நிறுத்தும். எண்ணெய்கள் செதில்களின் இடைவெளியை நிரப்பி மென்மை தரும். தேன்மெழுகும், வாசலின் எனப் பெயர் பெற்ற மண்ணெண்ணெய்க் குலத்துக் களிம்பும், மேலே மூடி நீர் போகாமற் காக்கும். இக்களிம்பிற்கு அமெரிக்கராகிய செஸ்பரோ 1872-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். "குழந்தைத் தைலம்" என விற்கப்படுவனவற்றுட் பல, மணமூட்டிய கனிம எண்ணெயேயன்றி விதையினின்று எடுத்தன அல்ல. ஜொஜோபா எண்ணெய் எனப்படுவதோ எண்ணெயே அன்று; அது நீர்ம மெழுகு. நீர் கலந்த களிம்புகளில் எண்ணெயையும் நீரையும் பிரியாமற் பிணைக்க ஒரு பொருளும், நீருள்ள இடத்தில் தோன்றும் கிருமிகளைத் தடுக்க ஒரு பொருளும் வேண்டும். பாரபென், பினாக்ஸி எத்தனால் என்பன பின்னதைச் செய்வன.

"இவை இரசாயனங்கள் ஆயிற்றே, இயற்கைப் பொருளே நல்லதன்றோ?" என்பார் உளர். தேங்காயெண்ணெயும் இரசாயனப் பொருளே என்பதை ஷெவ்ரல் இருநூறு ஆண்டுகட்கு முன்பே காட்டிவிட்டார். எலுமிச்சை இயற்கைப் பொருளே. எனினும் சில எலுமிச்சை வகைகளின் சாற்றைத் தோலிற் பூசி வெயிலிற் செல்வார்க்குக் கொப்புளமும் கறையும் உண்டாதல் உண்டு. மண்ணினின்று எடுக்கும் பாதரசமும் இயற்கையே. நிறத்தை வெளுப்பிக்கும் எனச் சொல்லிப் பட்டியலின்றி விற்கப்படும் களிம்புகளிற் சிலவற்றில் அது மறைந்திருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கின்றது. 2013-இல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, பூசுபொருளில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருத்தலை விலக்கியது. ஆதலின் இயற்கை என்னும் சொல் நற்சான்றும் அன்று. இரசாயனம் என்னும் சொல் குற்றச்சாட்டும் அன்று.

மாணவ அன்பர்காள்! குப்பியை வாங்குமுன் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பொதுவாக மிகுந்த அளவுள்ள பொருள் முதலிலும், குறைந்தது பின்னரும் எழுதப்பட்டிருக்கும். நூற்றில் ஒரு பங்கிற்குக் குறைந்தவை மட்டும் எம்முறையிலும் வரலாம். முகப்பில் அழகிய மலரோ விதையோ வரைந்த எண்ணெய், பட்டியலின் கடைசியில் மறைந்து கிடக்குமாயின், நீங்கள் விலை கொடுப்பது படத்திற்கேயன்றி எண்ணெய்க்கு அன்று. கோகஸ் நுசிபெரா என்று இலத்தீனில் எழுதினால் நம் வீட்டுத் தென்னை வேறு மரமாகிவிடாது. புதிய பொருள் எதனையும் முன்கையிற் சிறிது தடவிச் சில நாள் பார்த்தபின்னரே முகத்திற் பூசுக. பட்டியலே இல்லாத களிம்பை எவர் தரினும் ஏலாதீர்.

கற்றவர் ஒருவர் இல்லத்தில் இருப்பின், அங்குள்ளார் விளம்பரத்திற்கு அஞ்சியோ மயங்கியோ பொருளை இழவாதிருத்தல் வேண்டும். என் பாட்டனார் மோந்து அறிந்ததை நாம் படித்து அறிகின்றோம். வழி வேறாயினும் நாடுவது பொருளின் குணமே. பரீட்சைக்கெனக் கற்கும் அமிலங்களின் பெயர்கள், தொட்டிற் குழவியின் மெல்லிய தோலைக் காக்கவும் துணையாகுமாயின், அதனினும் சிறந்த பயன் கல்விக்கு உண்டோ?