மணிலாவிற் கண்ட குழற்பிட்டு

பிலிப்பைன் தீவுகளுக்குச் செல்லும் சைவ உணவினர் பட்டினி கிடந்தே மீள்வர் என்று நம்மிடம் கூறியோர் பலர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அந்நாட்டின் பேர்பெற்ற ‘அடோபோ’ என்பது வினாகிரியிலும் சோயாச் சாற்றிலும் உள்ளி சேர்த்து வேகவைத்த இறைச்சி. ‘சினிகாங்’ நமது புளிரசத்துக்கு உறவினன் போல் மணக்கும். ஆயினும் கிண்ணத்தின் அடியில் மீனோ பன்றியிறைச்சியோ கிடக்கும். கருக்கொண்ட வாத்து முட்டையை அவித்துண்ணும் ‘பலுட்’டைப் பற்றி ஈண்டு விரிப்பதற்கில்லை.

எனினும், அம்மக்களின் உணவில் ஒரு பெரும்பங்கு சாப்பாட்டு வேளைக்குப் புறம்பானது என்பதை அறிந்தவர் பசித்திரார். இடைவேளைச் சிற்றுண்டியை அவர்கள் ‘மெரியெண்டா’ என்பர். 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர் விட்டுச்சென்ற பெயர் அது. ஆனால் அவ்வேளையில் இலையில் வருவன ‘ககானின்’ எனப்படும் அரிசிப் பலகாரங்கள். ‘கானின்’ என்றால் சோறு. ஓலையிலோ வாழையிலையிலோ பொதிந்து அவித்த ‘சுமான்’ அவற்றுள் ஒன்று. காலையில் தோளிற் காவுதடியும் இருபுறமும் வாளிகளுமாக, “தாஹோ...” என்று நீட்டிக் கூவி வருபவனிடம் சோயாப் பாலைத் திரையச்செய்த மென்கட்டியைச் சருக்கரைப் பாகும் சவ்வரிசியும் சேர்த்துச் சூடாக வாங்கி உண்ணலாம். அது சீனர் கொணர்ந்த உணவு.

நாம் சென்றது மார்கழி பிறந்த நாட்களில். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது விடியல்களிலும் அங்குள்ள தேவாலயங்களில் ‘சிம்பாங் காபி’ என்னும் பூசை நிகழும். வெயில் ஏறுமுன் வயலுக்குச் செல்லவேண்டிய உழவருக்காக இருளிலேயே நடத்தத் தொடங்கியது என்பர். திருவெம்பாவைச் சங்கொலிக்கு விழித்துப் பழகிய நமக்கு அம்மணியோசைக்கு எழுவது கடினமாயிருக்கவில்லை. பூசை முடித்து வெளிவருவோர் நேரே செல்வது வாசலிலுள்ள அடுப்புகளுக்கு. ஒருபுறம் ‘பிபிங்கா’: வாழையிலை விரித்த மண்சட்டியில் அரிசிமாக் கரைசலை வார்த்து, மேலும் கீழும் தணலிட்டுச் சுடுவது. நம் நாட்டுச் சிங்கள மக்களின் பிபிக்கனோடு பெயர் ஒத்திருப்பினும் பண்டம் வேறு.

மறுபுறம் இருந்ததே நம்மை நிறுத்தியது. நீராவி எழும் பெட்டியின்மேல் மூங்கிற் குழல்கள் நின்றன. வியாபாரம் செய்த பெண் ஒரு குழலை எடுத்துத் தட்ட, ஊதா நிறமான குழற்பிட்டு வாழையிலையில் வீழ்ந்தது! அதன்மேல் வெண்ணெய் தடவி, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சருக்கரையும் தூவித் தந்தாள். பெயர் கேட்டோம். ‘புத்தோ பும்போங்’ என்றாள். ‘பும்போங்’ என்பது மூங்கிற் குழல். ‘புத்தோ’ மலாய் மொழியின் ‘புத்து’ வழியாகத் தமிழ்ப் புட்டிலிருந்து சென்ற சொல் என்று கருதும் அறிஞர் உளர். பிட்டுக்கு மண் சுமந்த பெருமான் கடல் கடந்தும் கூலி பெற்றிருக்கலாம் போலும்!

உண்டபோது வேறுபாடு விளங்கிற்று. நாம் மாவை வறுத்துக் கொதிநீர் விட்டுக் குழைத்து உதிரியாக்குவோம். அவர்களோ பசையுள்ள அரிசியை ஊறவைத்து அரைத்து, நீரை வடித்து, அரித்தெடுத்து அவிப்பர். ஆகவே நம் பிட்டு உதிரும். அவர்களது பிட்டு இழுபடும். ஊதா நிறம் ‘பிருருதோங்’ என்னும் கருநிற அரிசியினால் வருவது. இப்பொழுது அது அரிதாகி விலையேறிவிட்டது. இராசவள்ளிக் கிழங்கையோ வெறும் சாயத்தையோ கலந்து நிறமேற்றுவோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, நாவுக்கு அல்ல.

இதை நமக்கு உணர்த்தியவர், நாம் தங்கிய இல்லத்து நண்பரின் முதிய தாயார். மகன் வாயிலாக நம் விரதத்தை அறிந்த அவர் முகஞ்சுளிக்கவில்லை. ஆசிரியரை அவர்கள் மொழியில் ‘குரோ’ என்பர். நம் ‘குரு’வே அது. “குரோ உண்டாரா?” என்பதே அவர் நாளும் கேட்ட முதற்கேள்வி. பீக்கோல் பகுதியினரின் ‘லாயிங்’ என்னும் கறியை, வழக்கமாக இடும் கருவாடும் இறாலும் நீக்கி நமக்கெனச் சமைத்தார். உலர்ந்த சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாய், இஞ்சியோடு வேகவிடுவது. வேகுமுன் கிளறினால் தொண்டை கரகரக்கும் என்று அகப்பையை எவரும் தொடவிடவில்லை.

குடிவகையில் ‘சலபாத்’ என்னும் இஞ்சிக் கசாயமே நமக்குப் போதுமாயிருந்தது. தென்னங்கள்ளை ‘துபா’ என்பர். லேத்தே தீவினர் கண்டற்பட்டை சேர்த்து அதைச் செந்நிறமாக்குவர். 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் சென்ற மாலுமிகள் அத்தொழிலை மெக்சிக்கோவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே கொலிமாவில் இன்றும் அதே பெயரால் அது விற்கப்படுகின்றது. நாம் அதனைச் சுவைத்திலோம்.

புறப்படுவதற்கு முந்திய நாள் தாயார் ஒரு தகரப்பேணியைத் திறந்து காட்டினார். உறவினர் வயலில் ஒரு மூலையில் மட்டும் விளைந்த பிருருதோங் அரிசி. அவ்வாண்டுக்கு இரண்டு சுண்டே கிடைத்ததாம். எங்கள் ஊரிலும் அருகிவரும் பழைய நெல் ஒன்றுண்டு என்றோம். அதன் பெயரைக் கேட்டார். ‘மொட்டைக்கறுப்பன்’ என்றோம். இருமுறை சொல்லிப் பார்த்து, பல்லில்லாத வாயாற் சிரித்துவிட்டு, பேணியை மூடி உயரத்தில் வைத்தார்.