குளிரிலும் நிறையட்டும் முயலின் வயிறு

ஸ்காட்லாந்துக்கு வேலைக்கு வந்த சிங்கப்பூர்க்காரியான எனக்கு, முயல் வளர்த்த பிறகுதான் பருவங்கள் புரிந்தன. இலையுதிர்காலத்தில் புல் குறையும். ஓக் மரத்தடியில் உதிரும் கொட்டைகளும் ஐவி கொடியின் இலைகளும் முயலுக்கு நஞ்சு. தரையைப் பெருக்கிய பிறகே முயலை வெளியே விடுவேன்.

குளிர்காலத்தில் காய்ந்த புல்தான் அதற்குச் சோறு. எந்நேரமும் குறையாமல் வைக்கிறேன். வாழ்நாள் முழுதும் வளரும் பற்களைத் தேய்ப்பதும் குடலை இயங்கவைப்பதும் அதுதான். கேரட்டில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு துண்டு போதும். உறைபனி படிந்த கீரை கொடுப்பதில்லை. தண்ணீர் உறைந்துவிட்டதா என்று காலையும் மாலையும் பார்ப்பேன். தண்ணீர் இல்லாவிட்டால் தீனியும் குறைந்துவிடும்.

அரைநாள் சாப்பிடாத முயலை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடல் இயக்கம் நின்றால் உயிருக்கே ஆபத்து.

“சாப்பிட்டியாம்மா?” என்று அம்மா தினமும் தொலைபேசியில் கேட்பார். முயலிடம் அப்படிக் கேட்க முடியாது. கூண்டில் கிடக்கும் புழுக்கைகளைப் பார்த்துத்தான் பதில் தெரிந்துகொள்கிறேன்.