வடக்கே போகிற ரயில்

தாசேக் கெலுகோர் ஸ்டேஷனிலிருந்து தெற்கே போகும் கோமுட்டர் ரயில் பட்டர்வொர்த்தில் கொண்டு விடும். அங்கிருந்து பெரி ஏறினால் பினாங்கு, ஆஸ்பத்திரி, கீமோ. வடக்கே போவது சுங்கை பட்டாணி தாண்டிக் குருணில் நிற்கும். அங்கே ஜெராய் மலை. இந்த வருஷம் எனக்குத் தெற்குதான். ஆனாலும் வடக்கு ரயிலின் நேரம் மனப்பாடம்.

ஜெராயைக் காட்டியது அப்பா. பால்மரம் வெட்டப் போகும் விடியலில், "முக்காடு போட்டிருக்கு பாரு, இன்னிக்கு வேலை இல்ல" என்பார். மேகம் மூடினால் மழை. மழையென்றால் கூலி போச்சு. உயரம் 1,217 மீட்டர், கடலில் வந்தவர்களுக்கு அதுதான் அடையாளம், சோழர் கடாரம் என்றது அந்த அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம் என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. அப்பாவுக்கு மழை வருமா என்று தெரிந்தால் போதும்.

கழுத்துக் கட்டிக்கு லிம்ஃபோமா என்று பெயர் வைத்தபின் ஏறும் மருந்துகளில் ஒன்று ரோஸ் சிராப் மாதிரி சிவப்பு, சிறுநீரும் சிவக்கும். நிறமில்லாத இன்னொன்று வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. 1950களில் கனடாவில் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று அந்த இலையைச் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. இந்த வகை மருந்துகளின் கதை அங்கே தொடங்கியது. லயத்து வாசலில் தானாக முளைத்துக் கிடந்த செடிதான். சுடுகாட்டு மல்லி என்று பாட்டி வீட்டுக்குள் விடமாட்டாள். இப்போது ரத்தத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

அந்த மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. பொத்தான் பிடிபடுவதில்லை. மாலையில் மலையேறும் பூட்ஸை மடியில் வைத்துக் கயிறு கட்டிப் பழகுகிறேன். பார்த்துக்கொண்டே கட்டினால் முடிச்சு விழுகிறது. கண்ணை எடுத்தால் கயிறு எந்த விரலில் என்றே தெரிவதில்லை.

இந்த மலைப் பைத்தியம் 1997 மே 23இல் பிடித்தது. மகேந்திரனும் மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில். மலேசியர்களில் முதல் இருவர், இருவருமே நம்ம பிள்ளைகள். அந்த வாரம் தோட்டத்தில் வேறு பேச்சில்லை.

பார்க்க வருகிறவர்கள் பாட்மிண்டன் வீரர் லீ சோங் வெய் பெயரைத்தான் சொல்கிறார்கள். பக்கத்து புக்கிட் மெர்தாஜத்தில் வளர்ந்தவர். 2018இல் மூக்குப் புற்று, தைவானில் சிகிச்சை. "அவரு தேறிட்டாரு, நீயும் போராடு." தேறினார், உண்மை. ஆனால் களத்துக்குத் திரும்ப ஆசைப்பட்டவர் 2019 ஜூனில் ஓய்வை அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. திரும்ப ஆடுவேன் என்று நினைத்தபடியே அவர் கழித்த மாதங்கள் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. போராட்டம் கீராட்டம் எல்லாம் எனக்குத் தெரியாது. மலைமேல் ஆசை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் காட்டு அட்டை கடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மருந்து ஏற்றிய இரண்டாம் வாரத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு வரும், காடு இப்போது கூடாது என்றார். "38 டிகிரி காய்ச்சல்னா பனடோல் போட்டுப் படுக்காதீங்கம்மா, நேரே வந்துடுங்க." எல்லாம் முடிந்து ஸ்கேன் பார்த்த பிறகு முதலில் செரோக் தோக்குன் மாதிரி சின்ன ஏற்றம். ஜெராய் அப்புறம்.

தம்பிக்கு அதுவும் பொறுக்கவில்லை. "அக்கா, மேலே வரைக்கும் ரோடு இருக்கு. காடியிலேயே கூட்டிட்டுப் போறேன், படம் எடுத்துக்கலாம்."

ரோடு இருப்பது உண்மைதான். நீ காடியில் போய் மேலே காத்திரு, எனக்கு ஒரு ஜோடி காய்ந்த காலுறை எடுத்து வை என்று சொல்லியிருக்கிறேன்.