பக்கத்தில் நிற்கிற வேலை

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய நாட்களைப் பற்றி டாக்டர் பால் பிராண்ட் எழுதியவற்றில் ஒரு சம்பவம் உண்டு. பயிற்சி மருத்துவர் ஒருவர் ஒரு பெண் நோயாளியின் கட்டிலருகே மண்டியிட்டு, போர்வைக்குள் கையை நுழைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தபடி விவரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கவனித்துக்கொண்டிருந்த பிராண்டுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. ஒரு புருவம் உயர்ந்து, தலை சற்றே சாய்ந்து, நோயாளியின் கூச்சத்தைப் போக்கும் அந்த முகபாவம், லண்டனில் தனக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் பில்ச்சரின் முகம் அச்சு அசலாக. பில்ச்சரை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால் மாணவர்கள் விழிக்கிறார்கள். அவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அறிந்தவரை அது பிராண்டின் முகம்.

பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிக்கப் போவதற்கு முன்னால் கட்டட வேலை பழகியவர். 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தார். 1954இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸிடம், சக்கர நாற்காலியில் இருந்தபடியே கை அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்னவரும், சொன்னதோடு விடாமல் பழக்கியவரும் அவர்தான். அந்த அம்மையார் பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்று ஒரு துறையையே நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. பிராண்ட் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தது அறுவை சிகிச்சையை. கூடவே போய்ச் சேர்ந்தது நோயாளியைப் பார்க்கிற முகமும், விழுந்தவரைக் கைவிடாத பிடிவாதமும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை காலை வருகிற பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளைகள் என்று நான் சொன்னாலும் எல்லாரும் வேலை பார்க்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண், சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட் ஆகியிருக்கிற யாழ்ப்பாணத்துப் பையன், கட்டட சைட்டில் நிற்கிற திருநெல்வேலிப் பையன், இங்கேயே பிறந்து தமிழை வீட்டில் மட்டும் பேசி வளர்ந்த ஒரு கணக்காளர். வேதம் வாசித்து ஜெபித்து, என் மனைவி ஊற்றிக் கொடுக்கிற தோசையைச் சாப்பிட்டுவிட்டு, மாண்டி சிசிலியா பூங்காவுக்கு நடக்கப் போவோம். 1870களில் ஒரு வியாபாரி கட்டிய பா ஹோம்ஸ்டெட் மாளிகை அங்கே இருக்கிறது. பிறகு கன்னியாஸ்திரிகள் கையிலிருந்த இடம். கிழட்டு மரங்கள், நல்ல நிழல், மனுகாவ் கடல் பக்கமிருந்து காற்று.

வீட்டுக்குள் வட்டமாக உட்கார வைத்து "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டால், "நல்லா போகுது அங்கிள்" என்பதோடு முடிந்துவிடும். நடக்கும்போது வாய் திறக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா! அப்பா வயதுக்காரரின் வேலைக்கு மதிப்பீடு எழுத வேண்டியிருக்கிறதே, எப்படி எழுதுவது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸில் எல்லாரும் குடிக்க உட்காரும்போது எழுந்து வந்தால் ஒட்டாதவன் என்று நினைப்பார்களா? என் யோசனையை இன்னொருத்தி தன்னுடையது என்று சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டாள், சும்மா இருப்பதுதான் தாழ்மையா? மறுநாள் ஆராதனைக்கு இவர்கள் கைநிறையத் தூக்கிக்கொண்டு வருகிற கேள்விகள் இவை. பிரசங்கத்தில் இவற்றுக்குப் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை.

எனக்குத் தொழில் சிவில் இன்ஜினியரிங். தூத்துக்குடி மாவட்டத்தில் முதல் வேலையில் சேர்ந்தபோது, எனக்கு மேலே ஒரு பெரியவர் இருந்தார். சபையில் மூப்பர். வேலையிடத்தில் எனக்கு ஒரு வசனம்கூட அவர் சொன்னதில்லை. ஆனால் தளம் போடுகிற அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் சென்ட்ரிங் மேலே ஏறிவிடுவார். குனிந்து, கம்பிக்கு அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் இல்லாத இடத்தில் விரல் நுழையாது. கம்பி கட்டுகிறவரைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், "தம்பி, இங்கே வெச்சிருங்க" என்பார். வைத்து முடிகிற வரைக்கும் அங்கேயே நிற்பார். கலவை ரெடியாக இருக்கும், மேஸ்திரி முகம் கடுகடுக்கும், அவர் அசைய மாட்டார். சனிக்கிழமை சம்பளத்தின்போதும் அப்படித்தான். கடைசிச் சித்தாள் பெண் தன் கூலியைத் தன் கையாலே வாங்கி எண்ணுகிற வரைக்கும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். கிளம்பிவிட்டால் அந்தக் கூலியில் எவ்வளவு யார் பைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் இடையே போதுமான கனம் இல்லாவிட்டால் ஈரமும் உப்புக்காற்றும் உள்ளே புகும். கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். ஆனால் அது உடனே தெரியாது. வருஷக்கணக்காகும். அதற்குள் கையெழுத்துப் போட்டவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார், பதவி உயர்வும் வாங்கியிருப்பார். யாரும் பார்க்காத இடத்தில், பல வருஷம் கழித்துத்தான் தெரியப்போகிற ஒன்றுக்காக இன்றைக்குக் காத்துக்கொண்டு நிற்பதற்குக் கர்த்தருக்குப் பயப்படுகிற பயம் வேண்டும். அந்தப் பயத்தை நான் வகுப்பில் கற்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துக் கற்றேன்.

சைட்டில் நிற்கிற பையன் ஒருநாள் பூங்காவில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னான். வார விடுமுறை முடிந்ததும் கான்கிரீட் போட வேண்டும். கம்பிகளைச் சரிபார்த்ததாகப் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேலதிகாரி. இவன் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் கொடுக்கவில்லை. விசாவோ அந்த வேலையோடு கட்டப்பட்டது. "ஜெபம் பண்ணுங்க அங்கிள்" என்றான். ஜெபித்தோம். அத்தோடு அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. ஜெபத்தைச் சொல்லி நழுவிவிடுகிற பெரியவர்கள் நம்மிடையே அதிகம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்குச் சட்டத்தைச் சொன்னேன். வேலையிடத்தில் நடக்கிற பெருந்தவற்றைத் தெரிவிக்கிறவரைப் பாதுகாக்க நியூசிலாந்தில் 2022இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. முதலாளியால் சுரண்டப்படுகிற குடியேறிகள் அந்த வேலையை விட்டு வெளியே வர 2021 முதல் தனி விசா இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் பியூரோவில் காசில்லாமல் யோசனை கேட்கலாம். இவை எல்லாம் கடைசிப் படிகள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், தானே இறங்கிப் பார்த்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவது. எங்கெங்கே விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். போனான். ஒரு மூலையில் கவர் பிளாக்குகள் நசுங்கிக் கிடந்தன. சரிசெய்துவிட்டுத்தான் கான்கிரீட் போட்டார்கள். அந்த அதிகாரி பிறகு பல நாள் இவனிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அதையும் அவன் சுமக்க வேண்டியிருந்தது.

அந்த வாரம் கிரைஸ்ட்சர்ச் கதையையும் அவர்களுக்குச் சொன்னேன். 2011 பிப்ரவரி 22 பூகம்பத்தில் 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் சிடிவி கட்டடம் என்ற ஒரே கட்டடத்தில். ஆங்கிலம் படிக்க வந்திருந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் அவர்களில் பலர். அந்தக் கட்டடத்தின் வடிவமைப்பில் குறைகள் இருந்ததென்று அரச விசாரணை ஆணையம் 2012இல் சொன்னது. வடிவமைத்த பொறியாளருக்கு அப்படிப்பட்ட கட்டடத்தில் போதிய அனுபவம் இல்லை, தன் திறமைக்கு மிஞ்சிய வேலை என்று அவரே உணர்ந்திருக்க வேண்டும் என்றது. அவருடைய அனுபவக் குறைவை அறிந்திருந்த மேலாளர் அவரைக் கண்காணிப்பில்லாமல் விட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வரியைத்தான் நான் பெரியவர்களுக்குப் படித்துக் காட்ட விரும்புகிறேன். தெரியாது என்று சொல்ல ஒரு இளையவருக்குத் தைரியம் வேண்டும். அப்படிச் சொன்னால் கேலி செய்யாமல், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார ஒரு மூத்தவர் வேண்டும். பிள்ளைகளிடம் முதல் குணத்தை எதிர்பார்க்கிற நாம், இரண்டாவதை நம்மிடம் எதிர்பார்ப்பதில்லை.

பக்கத்தில் நிற்பது ஒரு பாதி. சரியான நேரத்தில் விலகி நிற்பது மறுபாதி, நம் சபைகளுக்கு இது இன்னும் கடினம். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தார். வாலிபப் பருவத்தில் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியபோது, அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி அவருக்கு நண்பரானார். இருவரும் சேர்ந்தே பயணம் செய்தார்கள், சேர்ந்தே உழைத்தார்கள். 1902இல் யாழ்ப்பாணம் போன அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். மறு வருஷமே, 1903இல், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 28. இன்றைக்கு நம் சபைகளில் 28 வயதுப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? நாற்காலி அடுக்குகிற வேலையும், கிறிஸ்துமஸ் நாடகமும். மைக்கும் பீரோச் சாவியும் நம் கையிலேயே இருக்கின்றன.

ஆறு வருஷம் கழித்து அசரியா, தான் தொடங்கிய சங்கத்தின் ஊழியராகவே தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கு பேசுகிற நிஜாம் சீமை, புது மொழி. 1912இல் அந்தப் பகுதிக்குப் பேராயராக அபிஷேகம் பெற்றார், இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். அதற்காகப் பாடுபட்டவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். ஒரு இந்தியரின் கீழ் வேலை செய்வதா என்று கேட்ட மிஷனரிகளும் இருந்தார்கள், நம்மவரிலேயே எதிர்த்தவர்களும் இருந்தார்கள். தன் மறைமாவட்டத்தின் எல்லைக்குள்ளிருந்தே ஒரு பகுதியைப் பிரித்து இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்தார் ஒயிட்ஹெட். மிஷன் சரித்திரத்தில் என்னை அதிகமாகத் தொட்டது இந்தக் காரியம். அதற்கு முன்பே, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மகாநாட்டில், வெளிநாட்டு மிஷனரிகளிடம் அசரியா கேட்டது பணத்தையல்ல, நட்பை. அந்தப் பேச்சு அரங்கில் பலருக்குக் கசந்தது. எடியிடமும் ஒயிட்ஹெட்டிடமும் நட்பை ருசித்திருந்தவர் என்பதால்தான் மற்ற இடங்களில் அது இல்லாததை அவரால் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

பர்னபாவையும் நினைத்துக்கொள்வேன். பாதியில் விட்டுவிட்டுப் போன மாற்குவைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதற்காகப் பவுலோடேயே கருத்து வேறுபட்டுப் பிரிந்தவர். ஒரு தடவை சறுக்கிய பிள்ளையை மறுபடியும் கூடவே கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். வேலை போய், கடன் ஏறி, ஆலயத்துக்கு வரவே வெட்கப்பட்டு ஒதுங்கிய பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிற தலைமைத்துவ முகாம் உதவாது. மாலையில் போன் பண்ணி "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் வேலை விண்ணப்பத்தைச் சேர்ந்து எழுத உட்காருகிற ஒருவர் போதும்.

ஆக்லாந்தில் ஓய்வுபெற்ற தமிழ் நர்ஸுகள், ஆசிரியர்கள், கணக்காளர்கள், மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உபதேசிக்கத் தெரியாது என்று ஒதுங்குகிறார்கள். நைட் ட்யூட்டியில் மருந்து மாறிப்போனால் யாரிடம் முதலில் சொல்வது, எப்படிச் சொல்வது என்று அந்த நர்ஸ் பெண்ணுக்கு நான் கற்றுக்கொடுக்க முடியாது. முப்பது வருஷம் வார்டில் நின்ற ஒரு அக்காவால் முடியும். அவரை மூன்று தடவை கேட்டபிறகுதான் வந்தார். இப்போது அந்தப் பெண் என்னோடு நடப்பதில்லை, அக்காவோடுதான் நடக்கிறாள். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம்.

சைட் பையனுக்கு இப்போது கீழே இரண்டு புதுப் பையன்கள். போன மாதம் கேட்டான்: "அங்கிள், அதுல ஒருத்தன் என்கூட வரணும்ங்கிறான். கிறிஸ்தவன் இல்ல. கூட்டிட்டு வரட்டுமா?"

"வரச்சொல்லு தம்பி. நடக்கிற நேரத்துக்கு வரட்டும். ஜெபத்துக்கு வர்றதும் வராததும் அவன் இஷ்டம். நீ அதைப் பத்தி அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத" என்றேன்.

வந்தான். கூச்சமான பிள்ளை. பாதிப் பூங்கா நடக்கிற வரைக்கும் பேசவில்லை. அப்புறம் என்னிடம் கேட்காமல், தன் மேலதிகாரியான நம் பையனிடமே கேட்டான்: கான்கிரீட் லாரி வாசலில் வந்து நிற்கும்போது லெவல் தவறியிருப்பது தெரிந்தால், லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா? நம் பையன், "உண்டு. அனுப்பிட்டு எனக்குப் போன் பண்ணு. திட்டு வந்தா எனக்கு வரட்டும்" என்றான்.