அறுபட்டது எது?

ஜார்க்கண்டில் பதிவுசெய்த குருக் மொழி உரையாடல்களைக் கடந்த மாதம் விடுதி அறையிலிருந்து பல்கலைக்கழக சர்வருக்கு அனுப்ப முயன்றேன். உள்நுழைய முடிந்தது, ஒலிக்கோப்புகள் மட்டும் நகரவில்லை.

என் லினக்ஸ் கணினியில் டிசிபிடம்ப் கொண்டு பாக்கெட்டுகளைப் பதிந்து, வயர்ஷார்க்கில் திறந்தேன். பெரிய பாக்கெட்டுகள் எல்லாம் அறுபட்டிருந்தன. இரண்டு நாள் விடுதி இணையத்தைப் பழித்தேன். பிறகே கண்டேன்: எங்கோ படியெடுத்த கட்டளையில், ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 96 பைட்டுகளை மட்டும் பதியுமாறு நானே வரம்பிட்டிருந்தேன். அறுத்தது இணையமன்று, என் பார்வை.

வரம்பை நீக்கித் தேடியபோது உண்மைப் பிழை புலப்பட்டது. பிரிக்கக் கூடாது என்ற குறியுடன் பிங் அனுப்பினால், 1372 பைட்டு வரை மறுமொழி வந்தது. அதற்கு மேல் மௌனம். தலைப்புகளின் 28 பைட்டுகளைக் கூட்டினால் 1400. அதைவிடப் பெரியவை வழியிலேயே கைவிடப்பட்டன; அதைத் தெரிவிக்கும் அறிவிப்பும் எனக்கு எட்டவில்லை. எம்டியூ எனும் உச்ச அளவை 1500இலிருந்து 1400ஆகக் குறைத்தேன். கோப்புகள் சென்றன.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருக்கில் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். முதியோர் பேச்சில் வினைமுற்று தொக்கு நிற்பதாக ஓர் இயலே எழுதியிருக்கிறேன். என் ஒலிப்பதிவுக் கருவியோ, குரல் தாழ்ந்தால் தானே நின்றுவிடும் அமைப்பில் இருந்தது. அறுபட்டது அவர்கள் வாக்கியமா, என் பதிவா?

இயலை நெறியாளரிடமிருந்து திரும்பப் பெற்றுவிட்டேன். அந்த அமைப்பை மாற்றிக்கொண்டு, அடுத்த மாதம் மீண்டும் அவர்களிடம் செல்கிறேன்.